பங்கீடா, பொதுவாழ்வா? அரசியலின் இலக்கணமும் கீழக்குயில்குடியும்

வாக்குக்குப் பணம் கொடுத்தது வெளிப்பட்டதால் 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் சட்டமன்றத் தொகுதிகளிலும், 2017-இல் சென்னை இராதாகிருஷ்ணன் நகர் இடைத்தேர்தலிலும், 2019-இல் வேலூர் மக்களவைத் தொகுதியிலும் தேர்தலையே ரத்துசெய்ய வேண்டிய நிலைக்குத் தேர்தல் ஆணையம் தள்ளப்பட்டது. 2009 ஜனவரியில் மதுரையை அடுத்த திருமங்கலத்தில் நடந்த இடைத்தேர்தலோ, 'திருமங்கலம் ஃபார்முலா' என்று இந்த வழக்கத்துக்கு ஒரு பெயரையே சூட்டிவிட்டது. இவற்றைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் 'அரசியல்னா அப்படித்தான்' என்ற ஒரே வாக்கில் விவாதம் முடிந்துபோகிறது. அரசியல் என்றால் இன்னது என்ற வரையறை ஒன்று அந்த வாக்குக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. அது குறைபாடானது மட்டுமன்றித் தீங்கானதும்கூட என்பதை மதுரை மண்ணின் வரலாறே காட்டும்.

அந்த வரையறைக்குக் கற்றறிந்த பரம்பரை ஒன்று உண்டு. யாருக்கு எது, எப்போது, எவ்வாறு கிடைக்கிறது என்பதே அரசியல் என்று அமெரிக்க அறிஞர் ஹெரால்டு லாஸ்வெல் 1936-இல் வெளியிட்ட தம் நூலுக்குத் தலைப்பாகவே வைத்தார். சமூகம் மதிப்புடையதாகக் கருதுபவற்றை அனைவரையும் கட்டுப்படுத்தும் அதிகாரத்தோடு பகிர்ந்தளிப்பதே அரசியல் என்றார் டேவிட் ஈஸ்டன். மாக்ஸ் வெபர் 1919-இல் மியூனிக் நகரில் ஆற்றிய உரையில், ஒரு நிலப்பரப்புக்குள் முறையான வன்முறையைத் தனியுரிமையாகக் கோரி, அக்கோரிக்கையில் வெற்றிபெறும் அமைப்பே அரசு என்றும், அந்த அதிகாரத்தில் பங்குபெறவோ அதன் பங்கீட்டைத் தம் பக்கம் திருப்பவோ செய்யும் முயற்சியே அரசியல் என்றும் விளக்கினார். விளைவுக்குப் பொறுப்பேற்கும் அறம் அரசியல்வாதிக்கு வேண்டும் என்று அவரே அதே உரையில் வற்புறுத்தியதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த அறம் அவருடைய வரையறைக்கு வெளியே நிற்கிறது.

வெளியே நின்றால் என்ன ஆகும் என்பதற்கு, சமணர் மலையின் அடியில் தாமரைக் குளமும் அய்யனார் கோயிலுமாக அமைந்த கீழக்குயில்குடி சாட்சி சொல்லும். குற்றப் பழங்குடிகள் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் விரிவாக்கப்பட்டபின், மதுரை வட்டாரப் பிரமலைக் கள்ளர்களில் முதன்முதலாக 1914-இல் அச்சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டவர்கள் இவ்வூரார். செய்த குற்றத்துக்காக அன்றிப் பிறந்த பிறப்புக்காகவே ஆண்கள் கைரேகை பதிய வேண்டியிருந்ததால் மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். இரவில் வெளியூர் செல்ல வேண்டியவர் மடியில் 'ராத்திரிச் சீட்டு' இல்லாவிட்டால் பிடிபடுவார். கைரேகை தர மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஒரு பெண் உட்பட 16 பேர் மாண்டனர். லாஸ்வெல்லின் அளவுகோலால் அளந்தால், யாருக்கு என்ன கிடைத்தது என்பதற்குத் தெளிவான விடை உண்டு. வெபரின் அளவுகோலால் அளந்தால், தன் கோரிக்கையில் வெற்றிபெற்ற அரசு அது. அவ்வன்முறை முறையானது என்று எவர் ஏற்றார் என்று கேட்டால், அதைச் சுமந்தவர்களிடம் யாரும் கேட்கவே இல்லை என்பதே விடை. கொடுமையையும் ஆட்சியையும் பிரித்துச் சொல்ல வழியில்லாத வரையறை, நோயையும் உடலையும் பிரித்தறியாத மருத்துவத்துக்கு ஒப்பானது.

முன்னோர் இந்தப் பிழையைச் செய்யவில்லை. குடிகளிடம் பொருள் கேட்டு வற்புறுத்தும் கோலேந்தியை, வேலோடு வழிமறிக்கும் கள்வனுக்கு இணையாகவே வள்ளுவர் கொடுங்கோன்மை அதிகாரத்தில் வைத்தார். நீதியை நீக்கிவிட்டால் அரசுகள் பெரிய கொள்ளைக் கூட்டங்களே என்று புனித அகஸ்தீனும் எழுதினார். ஓர் ஊரையே திருடர் என்று பதிவேட்டில் எழுதிய ஆட்சியை இவ்விருவரும் எந்தப் பதிவேட்டில் எழுதியிருப்பார்கள் என்பதை ஊகிப்பது கடினமன்று. பாண்டியன் அறிவுடைநம்பியிடம் பிசிராந்தையார், அளவறிந்து பெறும் வரியையும் யானை தானே வயலில் புகுந்து மிதிப்பது போன்ற வரியையும் பிரித்துக்காட்டினார். பொற்கொல்லனின் சொல்லை நம்பி, விசாரிக்காமல் கோவலனைக் கள்வனாக்கிய நெடுஞ்செழியன், தவறு தெரிந்த கணத்தில் இதே மதுரையில் அரியணையிலேயே உயிர் துறந்ததாகச் சிலம்பு கூறும். விசாரிக்காமல் ஓர் ஊரையே கள்வராக்கிய 1914-இன் ஆணைக்காக எந்த அதிகாரியும் பதவியைக்கூடத் துறந்ததாகத் தெரியவில்லை. முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும் குடவோலைக்குத் தகுதியற்றவராக்கியது. நிலமும் வேதக்கல்வியும் உடையோர்க்கே அந்த அவை திறந்திருந்தது என்பதையும் உடன் நினைக்க வேண்டும்.

அரிஸ்டாட்டில் இன்னும் அடிப்படைக்குப் போகிறார். ஆலோசனையிலும் நீதி வழங்குவதிலும் பங்குபெறுபவனே குடிமகன் என்றும், ஆளவும் ஆளப்படவும் அறிந்திருப்பதே அவனுடைய சிறப்பு என்றும் அவர் வகுத்தார். பெண்களையும் அடிமைகளையும் அவர் அதற்குள் சேர்க்கவில்லை. அது அவருடைய காலத்தின் குற்றம், அளவுகோலின் குற்றம் அன்று. அந்த அளவுகோலின்படி 1914-இல் கீழக்குயில்குடியில் அதிகாரம் இருந்தது, அரசியல் இல்லை. அதை உண்டாக்கியவர்கள் எதிர்த்து நின்ற ஊரார்களும், கள்ளர் மக்கள் 'ரோசாப்பூ துரை' என்று அழைத்த வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப்பும், முத்துராமலிங்கத் தேவர் உள்ளிட்ட தலைவர்களுமே. அவர்களால்தான் சென்னை மாகாணத்தில் 1947-இல் அச்சட்டம் நீங்கியது. கைரேகை உருட்டிய விரலுக்கு வாக்குச்சாவடியின் மை வந்து சேர அத்தனை உயிரும் உழைப்பும் தேவைப்பட்டன. அப்படி வந்த வாக்கை ஒரு கவருக்குள் அடங்கும் தாள்களுக்கு மாற்றிக்கொள்பவர், ஆள்வதில் தமக்குள்ள பங்கைத் துறந்து, ஆளப்படும் பொருளாக மட்டும் இருக்க மீண்டும் ஒப்புகிறார்.

வறியவர் வாங்கினால் அதைக் குற்றமென்று சொல்லலாமா, கொடுப்பதும் அவர்களிடமிருந்து கொள்ளையிட்ட பணம்தானே என்ற வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. அரசியலில் சமத்துவமும் பொருளாதாரத்தில் ஏற்றத்தாழ்வுமாக நாடு முரண்பாட்டுக்குள் நுழைவதை அம்பேத்கரே 1949-இல் எச்சரித்தார். ஆயினும் கொள்ளைப் பணத்தின் ஒரு துளி கைக்கு வருவதால் கொள்ளை சிறிதாவதில்லை. கொடுத்தவர் அதைத் திரும்ப எடுக்கும் ஐந்தாண்டுகளில் தட்டிக் கேட்கும் வாயும் அடைபடுகிறது. சட்டம் கொடுப்பவரையும் வாங்குபவரையும் ஒருசேரக் குற்றவாளியாக்கினாலும், அறத்தின் தராசில் கொடுப்பவரின் தட்டே தாழும்.

பங்கீட்டைத் தாண்டிய அரசியலை மதுரை மாவட்ட மக்கள் அறியாதவர்கள் அல்லர். பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமான அரிட்டாபட்டியை உள்ளடக்கிய நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க உரிமை 2024 நவம்பரில் ஏலம் போனதும், மேலூர் வட்டாரக் கிராமங்கள் தமக்கென்று எதையும் கேளாமல், மலையும் கண்மாயும் கிடந்தபடியே கிடக்கட்டும் என்று கேட்டன. மனிதர் கூடிச் செயல்படும்போது பிறப்பதே அதிகாரம் என்று ஹன்னா அரெண்ட் சொன்னது அங்கே கண்கூடாயிற்று. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளத்துக்கு மக்கள் பேரணியாக வந்தார்கள். அதிலிருந்து பதினாறாம் நாள், ஜனவரி 23 அன்று, ஒன்றிய அரசு அந்த ஏலத்தை ரத்துசெய்தது.