யார் வருவார்கள்?

தேர்தல் வந்துவிட்டால் நம்மவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "இந்தத் தடவை யார் வருவார்கள்?" ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவர் கேட்கிறார். முடிவெட்டுகிறவர் கத்திரியை நிறுத்திவிட்டுக் கேட்கிறார். "யார் வர வேண்டும்?" என்று கேட்பவரை நான் அதிகம் கண்டதில்லை. முதல் கேள்விக்குப் பதில் சொல்வதில் பொறுப்பு ஏதும் இல்லை அல்லவா? மழை வரும் என்று சொல்லிவிட்டுப் போகிற மாதிரி. வராவிட்டால் யாரும் நம்மைப் பிடித்து உலுக்கப் போவதில்லை.

ஊகம் செய்வது குற்றமல்ல; சுவாரசியமான பொழுதுபோக்கு. ஆனால் அந்த ஊகத்தையே மனச்சாட்சியின் நாற்காலியில் உட்காரவைத்துவிடுகிறோமே, அதுதான் என்னை உறுத்துகிறது. "அவர் நல்ல மனிதர்தான் ஸார், ஆனால் ஜெயிக்க மாட்டார். ஓட்டு வீணாகிவிடுமே!" படித்தவர்கள் சொல்லும் வாக்கியம் இது. படிக்காதவர்கள் இவ்வளவு கெட்டிக்காரத்தனமாகப் பேசுவதில்லை.

இதில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். மூன்று பேர் நிற்கிறார்கள். எனக்குப் பிடித்தவர் மூன்றாவதாகத்தான் வருவார். மற்ற இருவரில் ஒருவர் ஊருக்குக் கேடு. அவர் வராமலிருக்க, மனசில்லா மனசோடு இன்னொருவருக்குப் போடுகிறேன். இவன் கணக்குப் பார்க்கிறவன்தான். ஆனால் எதற்காகப் பார்க்கிறோம் என்பது இவனுக்குத் தெரியும். தனக்குப் பிரியமான ஒன்றை விட்டுக்கொடுத்திருக்கிறான். ஜெயிக்கிற பக்கம் நானும் இருந்தேன் என்று சொல்லிக்கொள்வதற்காகப் போடுகிறவன் வேறு ஜாதி. அவன் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. எதையும் தேர்ந்தெடுக்கவும் இல்லை.

1952-ல் வயது வந்தவர் எல்லோருக்கும் ஓட்டு என்று நடந்த முதல் பொதுத்தேர்தலை நினைத்துப் பாருங்கள். அன்றைய சென்னை ராஜ்யத்தில் ஆந்திரப் பகுதியும் மலபாரும் தென் கன்னடமும் சேர்ந்திருந்தன. சட்டசபைக்கு 375 இடங்கள். பெரும்பான்மைக்கு 188 வேண்டும். சுதந்திரம் வாங்கித் தந்த காங்கிரஸுக்குக் கிடைத்தது 152. முதல் மந்திரி குமாரசாமி ராஜாவே தோற்றுப்போனார். எதிர்த்தரப்பில் பிரகாசம் பல கட்சிகளைச் சேர்த்து 166 பேரோடு உரிமை கோரினார். அதுவும் 188 அல்ல. ஜனங்கள் யாருக்குமே பெரும்பான்மை தரவில்லை என்பதுதான் உண்மை.

பிறகு நடந்தது தெரிந்த கதை. கவர்னர் ஸ்ரீ பிரகாசா அழைத்தார். தேர்தலில் நிற்காத ராஜாஜி மேல்சபைக்கு நியமிக்கப்பட்டு முதல் மந்திரியானார். காமன்வீல் கட்சியின் தலைவர் மாணிக்கவேலு நாயக்கர் மந்திரியானார். வேறு சிலரும் இந்தப் பக்கம் வந்தார்கள். ஜூலை 3-ம் தேதி நம்பிக்கை ஓட்டு நடந்தபோது சர்க்காருக்கு 200, எதிராக 151. ஏப்ரலில் இல்லாத பெரும்பான்மை ஜூலையில் எங்கிருந்து முளைத்தது? ஜனங்கள் இடையில் மறுபடி ஓட்டுப் போடவில்லையே.

கம்யூனிஸ்டுகளின் கையில் ராஜ்யம் போய்விடக் கூடாது என்ற நிஜமான பயத்தால் வந்தவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல நான் தயாரில்லை. மெச்சத்தக்க காரியங்களும் நடந்தன. உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தது ஒன்று போதுமே. ஆனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து வந்தவர்களும் இருந்திருப்பார்கள். மனித சுபாவம் அப்படி. அவர்களை ஏசுவதற்கு நமக்கு வாய் இருக்கிறதா? சட்டசபைக்குள் அவர்கள் செய்ததையே நாம் ஓட்டுச்சாவடித் திரைக்குப் பின்னால் செய்கிறோம். "யார் வருவார்கள்?" என்று விசாரித்துவிட்டு அவர்களோடு சேர்ந்துகொள்கிறோம். அவர்களைத் தடுக்க 1985-ல் கட்சித்தாவல் தடைச் சட்டம் வந்தது. போதவில்லை என்று 2003-ல் இன்னும் இறுக்கினார்கள். ராஜிநாமா செய்துவிட்டு அந்தப் பக்கம் போய் இடைத்தேர்தலில் நிற்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஓட்டுப் போடுகிறவனின் தாவலுக்குச் சட்டம் கிடையாது, இருக்கவும் முடியாது.

சரி, தோற்ற ஓட்டு வீண்தானா? 151 பேர் எதிர்த்து என்ன சாதித்தார்கள் என்று 1952-ல் ஒருவர் கேட்டிருக்கலாம். மறு வருஷம் ஜூலையில், எதிர்ப்பாளர்கள் குலக்கல்வி என்று பெயர் சூட்டிய ஆரம்பக் கல்வித் திட்டம் அதே சபைக்கு வந்தது. கைவிட வேண்டும் என்ற தீர்மானத்துக்கு இரு பக்கமும் 138. ஆகவே அது நிறைவேறவில்லை. திட்டத்தை நிறுத்திவைத்து நிபுணர் குழுவிடம் அனுப்ப வேண்டும் என்ற தீர்மானம் 139-க்கு 137 என்று நிறைவேறியது. ஒரே ஒருவர் மாறிப் போட்டிருந்தால் அதுவும் சரிசமமாகியிருக்கும். அந்த 139 பேரில் ஒவ்வொருவருடைய தொகுதியிலும், "இவர் ஜெயிக்க மாட்டார், ஓட்டு வீண்" என்று சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் ஓட்டுப் போட்டவர்கள் எத்தனை பேரோ. அந்தக் கணக்கு எந்தத் தேர்தல் அலுவலகத்திலும் இல்லை.