டியூப் போடவா, ஹஜ்ரத்?

"ஹஜ்ரத், அம்மா எதையும் முழுங்க மாட்டேங்குறாங்க. மூக்குல டியூப் போடவான்னு டாக்டர் கேட்கிறார். வேண்டாம்னா பட்டினி போட்ட பாவம் வருமா?" நம்மூர்ப் பிள்ளை ஒருவர் கேட்டது இது.

நபி (ஸல்) அவர்களின் இறுதி நோயில், வேண்டாமென்று அவர்கள் சைகை செய்தும் வீட்டார் வாயோரம் மருந்தை ஊற்றிவிட்டார்கள். நோயாளிக்கு மருந்து பிடிக்காதது இயல்புதானே என்று நினைத்தோம் என ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். தெளிந்ததும் நபியவர்கள், நான் தடுக்கவில்லையா என்று கேட்டார்கள் (புகாரி). ஊற்றியது பாசத்தில்தான். அப்படியும் கேட்டார்கள்.

ஆகவே, அம்மாவுக்கு நினைவிருந்தால் முதலில் அவரிடம் கேளுங்கள். பக்கவாதம் என்றால் விழுங்கும் சக்தி சில வாரங்களில் திரும்பலாம். அதுவரை டியூப் போடத் தயங்காதீர்கள். மறதிநோய் முற்றியவர் என்றால், டியூப் வேண்டாம், கவனமாகக் கையால் ஊட்டுங்கள் என்று 2014-இல் அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கமே சொல்லியிருக்கிறது.

இன்னொன்று. மும்பையில் 1973 முதல் நினைவிழந்து கிடந்த நர்ஸ் அருணா ஷான்பாக்கின் வழக்கில், 2011-இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு ஊட்டி வந்த நர்சுகளின் சொல்லுக்கே மதிப்புக் கொடுத்தது. நம் வீடுகளில் சவூதியிலிருந்து போனில் முடிவு சொல்கிறார் அண்ணன். தினமும் கஞ்சி ஊட்டும் மருமகளை யாரும் கேட்பதில்லை.

சக்ராத் நெருங்கிவிட்டதென்றால், டியூபை மறுப்பது பட்டினி போடுவதல்ல என்றே நான் கருதுகிறேன். பஞ்சைத் தண்ணீரில் தொட்டு அம்மாவின் உதட்டை நனையுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கலிமா சொல்லுங்கள்.