எரித்தவர்களுக்கு ஒரு கல்

ஜப்பானின் ஷிசுவோகா நகரை ஒட்டி, ஷிசுஹாத்தா என்றொரு சிறு மலை. அதன் உச்சியில் இரண்டு நினைவுச் சின்னங்கள் நிற்கின்றன. ஒன்று, 1945 ஜூன் 19 இரவில் தொடங்கி மறுநாள் விடியும்வரை எரிந்த நகரத்தில் மாண்டவர்களுக்கு. அவர்கள் ஏறத்தாழ 2,000 பேர். மற்றொன்று, அன்றிரவு அவர்கள் தலைமேல் எரிகுண்டுகளைக் கொட்ட வந்து, வானில் ஒன்றோடொன்று மோதி விழுந்த இரண்டு பி-29 விமானங்களின் அமெரிக்கர்களுக்கு. அவர்கள் 23 பேர். அந்த அந்நியர்களின் உடல்களை எடுத்து, ஊர்ச் சடலங்களின் அருகிலேயே அடக்கம் செய்தவர் இத்தோ ஃபுகுமாட்சு என்ற உள்ளூர்க்காரர். அதற்காக அக்கம்பக்கத்தாரிடம் ஏச்சும் வாங்கினார். 1972-இல் மலையுச்சியில் கல் எழுப்பியவரும் அவரே. விமானத்தின் சிதைவுகளில் கிடைத்த, கருகி நசுங்கிய தண்ணீர்க் குடுவை ஒன்று பத்திரமாக இருக்கிறது. ஆண்டுதோறும் ஜூனில் அதிலிருந்து அமெரிக்க விஸ்கியைக் கல்மீது ஊற்றி அஞ்சலி செலுத்துகிறார்கள். அந்த இரவைச் சிறுவனாகப் பார்த்து, பின்னாளில் மருத்துவரான சுகானோ ஹிரோயா இந்தச் சடங்கைப் பல்லாண்டுகள் முன்னின்று நடத்தினார். அமெரிக்கப் படையினரும் வந்து தலைவணங்குகிறார்கள்.

இதைக் கேட்டதும் நெஞ்சு இளகுகிறது. ஆனால் நெஞ்சு இளகியது என்பதற்காக ஒரு செயல் சரியாகிவிடாது. வீட்டைக் கொளுத்த வந்தவனுக்கு, வீட்டையும் பிள்ளையையும் பறிகொடுத்த ஊர் கல் நடலாமா? நட்டால் அந்தக் கல் எதைச் சொல்கிறது?

எளிதான ஒரு நிகழ்விலிருந்து தொடங்கலாம். யமகுச்சி மாகாணத்தில் உள்ள இகாச்சி கிராமத்திலும் இப்படியொரு கல் உண்டு. 1945 ஜூலை 28 அன்று, குரே துறைமுகப் பகுதியில் நின்ற ஹருனா போர்க்கப்பலைத் தாக்கப் போன ‘லோன்சம் லேடி’ என்ற பி-24 விமானம் சுடப்பட்டு அங்கே விழுந்தது. விமானி தாமஸ் கார்ட்ரைட் விசாரணைக்காக டோக்கியோ பக்கம் கொண்டுபோகப்பட்டதால் பிழைத்தார். ஹிரோஷிமாவில் சிறை வைக்கப்பட்ட அவருடைய தோழர்கள், தங்கள் நாடே போட்ட அணுகுண்டுக்கு இரையானார்கள். அந்நகரில் அவ்வாறு இறந்த அமெரிக்கக் கைதிகள் 12 பேர். அவர்கள் யார் எவர் என்று தேடி, குடும்பங்களைக் கண்டுபிடிப்பதில் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவர், எட்டு வயதில் அதே குண்டுக்குத் தப்பிய மோரி ஷிகேயாகி. இகாச்சியின் கல் மனச்சான்றை அவ்வளவாக உறுத்துவதில்லை. அந்தக் குழுவின் இலக்கு போர்க்கப்பல். அவர்களுடைய சாவோ, எந்தப் பக்கத்தவரும் இரங்கக்கூடிய சாவு. அறக்கேள்வியை உரசிப் பார்க்க இது போதாது.

ஷிசுவோகாவின் கல்தான் கடினமானது. அன்றைய இலக்கு நகரமே. 1945 மார்ச் 9 இரவில் டோக்கியோவைக் கொளுத்தி ஏறத்தாழ ஒரு லட்சம் பேரைக் கொன்ற முறையே அடுத்தடுத்த மாதங்களில் அறுபதுக்கு மேற்பட்ட ஜப்பானிய நகரங்களில் கையாளப்பட்டது. மர வீடுகள் நெருக்கமாக நிற்கும் ஊர்களில் தீ பரவ வேண்டும் என்று கணக்கிட்டே குண்டுகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. மேலிருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்றும் சொல்லிவிட முடியாது. டோக்கியோவின் மேல் பறந்த சிலர், எரியும் உடல்களின் நாற்றம் விமானத்துக்குள் ஏறியதைப் பின்னாளில் தாங்களே சொல்லியிருக்கிறார்கள். ‘இளம்பிள்ளைகள், உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தார்கள்’ என்ற சமாதானம் அவர்கள் பங்கைக் குறைக்கலாமே தவிர, துடைத்துவிடாது. பதினோரு பேர் கொண்ட குழுவில் ஒருவன் கைதான் குண்டை விடுவித்தது. மற்ற பத்துப் பேரும் அந்தக் கையை அந்த இடத்துக்குக் கொண்டுசேர்த்தார்கள்.

அப்படியானால் கல் தவறா? இல்லை. அந்தக் கல் அவர்களைப் புகழ்வதற்காக நிற்கவில்லை.

போற்றுதல் எப்படியிருக்கும் என்று காட்டும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. அந்த எரிகுண்டுத் தாக்குதல்களை நடத்திய தளபதி கர்ட்டிஸ் லெமேக்கு 1964-இல் ஜப்பானிய அரசே உதய சூரியன் விருதின் முதல் வகுப்பை அளித்தது. ஜப்பானின் புதிய விமானப்படையைக் கட்டியெழுப்ப உதவினார் என்பது சொல்லப்பட்ட காரணம். டோக்கியோவின் சாம்பலை அள்ளியவர்கள் பல்லாயிரக்கணக்கில் உயிரோடிருந்த நாளில், அந்தச் சாம்பலுக்குக் காரணமானவரின் மார்பில் நாட்டின் உயர்ந்த பதக்கங்களில் ஒன்று ஏறியது. இத்தோவின் கல்லை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். பதக்கம், உயிரோடிருப்பவரின் செயலை எடைபோட்டு மெச்சுகிறது. கல், இறந்தவனின் செயலை எடைபோடவே இல்லை. இன்னாருடைய மகன் இங்கே இறந்தான் என்பதோடு நின்றுவிடுகிறது. அரசு செய்ததைக் குடிமகன் செய்ததோடு சேர்த்து ‘மன்னிப்பு’ என்று ஒரே பெயரில் பேசுவது பெரும் பிழை.

மன்னிப்பு என்ற பேச்சே இங்கே பொருந்துமா என்பதும் ஐயம்தான். 2,000 பேர் சார்பில் மன்னிக்க ஒருவருக்கு உரிமை ஏது? இறந்தவர்களிடம் கேட்க வழியில்லை. உயிர்தப்பிய ஒவ்வொருவரும் தன் காயத்துக்கு மட்டுமே பேச முடியும். இத்தோ தொடக்கத்தில் செய்தது மன்னிப்பு அல்ல, அடக்கம். பகைவன் உடலாயினும் நாய்நரிக்கு விடாமல் மண்ணில் சேர்ப்பது கடமை. அதற்குச் செத்தவனின் தகுதி தேவையில்லை. ஆனால் 27 ஆண்டுகள் கழித்துக் கல் எழுப்புவதும், வருடந்தோறும் மலையேறி வந்து வணங்குவதும் கடமைக்கு அப்பாற்பட்டவை. அவற்றைக் கொடை என்றே சொல்ல வேண்டும். கேட்டுப் பெறாததால்தான் அது கொடை. ஆகவே அதை இன்னொருவரிடம் எதிர்பார்க்கவும் முடியாது. தங்கையை இழந்த ஒருத்தி அந்த மலைக்கு ஒருநாளும் ஏறாமலே காலத்தைக் கழித்திருந்தால், அவள் சிறுமனம் படைத்தவள் ஆகிவிட மாட்டாள். இத்தகைய நிகழ்ச்சிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். கைகுலுக்கியவர்களை உயர்ந்தவர்களாகவும், முகம் திருப்பிக்கொண்டவர்களை இன்னும் பக்குவப்படாதவர்களாகவும் காட்டிவிடுகிறார்கள். இத்தோவை அன்று ஏசிய அண்டைவீட்டாரும் முந்தின இரவின் தீயில் வெந்து தப்பியவர்களே. அவர்கள் கோபமும் நேர்மையானது.

கியூஷு தீவின் தகேத்தாவில் உள்ள கல் இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. 1945 மே 5 அன்று, ஜப்பானியப் போர்விமானம் ஒன்று பாய்ந்து மோதியதில் அப்பகுதியில் ஒரு பி-29 விழுந்தது. பிடிபட்ட அதன் குழுவினர் சிலர் கியூஷு பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோகப்பட்டு, உயிரோடு அறுத்துச் சோதிக்கப்பட்டு இறந்தார்கள். விமானம் விழுந்த மலையில் 1977-இல் ஊரார் நிறுவிய கல்லில் அந்த அமெரிக்கர்களின் பெயர்களோடு, மோதிய ஜப்பானிய விமானியின் பெயரும் இருக்கிறது. அங்கே வணங்குகிறவர், குண்டுவீசியவனுக்கு மட்டுமின்றித் தன் நாட்டு மருத்துவர்களின் கையில் மாண்ட கைதிக்கும் தலைகுனிகிறார். எதிரியின் பெயரைக் கல்லில் வெட்டும்போது, அவனுக்கு நம்மவர் செய்ததும் கூடவே வெளிவந்துவிடுகிறது. ஜப்பானிய விமானங்கள் சீனத்தின் சோங்சிங் நகரை ஆண்டுக்கணக்கில் குண்டுவீசி நொறுக்கியதையும் இந்த வரிசையில் நினைக்காமல் இருக்க முடியாது.

இவ்வகைக் கல்லுக்கு எதிரான வலுவான வாதம் வேறிடத்தில் இருக்கிறது. கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக மறைந்துவருகிறார்கள். சடங்கு அரசுகளின் நட்புக்குப் பயன்படும் பொருளாகிவருகிறது. கூட்டணி நாட்டின் சீருடை முன்வரிசையில் நிற்கும்போது, குண்டுவீச்சு சரியா தவறா என்ற கேள்வி எழுப்புவதே மரியாதைக் குறைவாகிவிடுகிறது. இதே வேளையில், போர்வீரர்களுக்கான ஓய்வூதியத்தை 1953-இலேயே மீட்டுத் தந்த ஜப்பானிய அரசு, குண்டுவீச்சில் கைகால் இழந்த குடிமக்களுக்கும் அநாதையான பிள்ளைகளுக்கும் அவ்வாறு இழப்பீடு தரவில்லை. போரின் துன்பத்தை எல்லாரும் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்பது பதிலாக இருந்தது. டோக்கியோவில் பாதிக்கப்பட்டவர்கள் தொடுத்த வழக்கை 2013-இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

கொடையை இங்கே கடனோடு குழப்பக் கூடாது. அமெரிக்க விமானிக்கு ஒரு குடுவை விஸ்கி ஊற்ற ஷிசுவோகாவின் முதியவர் எவருக்கும் கடன்பட்டவரல்லர். தன் குடிமகளின் கருகிய கைக்கு அரசு கடன்பட்டிருக்கிறது. மலையுச்சியின் நல்லிணக்கத்தைப் பாராட்டி உரை நிகழ்த்தும் அதிகாரிகள், அந்த உரைக்கு முன் இக்கடனைத் தீர்க்கச் சட்டம் இயற்றட்டும். அன்று குழந்தைகளாக இருந்தவர்களுக்கு இப்போது எண்பது வயது தாண்டிவிட்டது.