நோயை ஆராய்தல் இம்சையாகுமா?

கடந்த கோடையில் உறவினர் குடும்பத்தாருடன் நாம் திண்டிவனத்திலிருந்து மரக்காணம் சென்றிருந்தோம். சாலையின் இருமருங்கும் உப்புப் பாத்திகள் வெயிலில் வெண்மை பூத்துக் கிடந்தன. ஓரிடத்தில் வரப்பு கசிந்து உப்புநீர் வீணாகிக் கொண்டிருந்தது. எலி வளையே காரணம். அதை அடைக்க வந்த முதியவர் உடனே மண்ணை அப்பிவிடவில்லை. வரப்பின் மறுபுறம் சென்று நெடுநேரம் தேடினார். "வளைக்கு ரெண்டு வாய் இருக்குங்க. ஒண்ண மட்டும் அடைச்சா தண்ணி இன்னொண்ணுல போயிடும்" என்றார்.

உடன் வந்த பெண் கால்நடை மருத்துவப் பட்டம் பெற்றவள். யெர்சினியா என்னும் நோய்க்கிருமிகளை ஆராயும் மேற்படிப்பில் சேர விழைபவள். அவளுடைய ஆயா, பல நாள் மனத்தில் கிடந்ததை அவ்விடத்தில் கேட்டுவிட்டார்: "ஏம்மா, எலிக்கு நோயக் குடுத்து சாவடிச்சுப் படிக்கிற படிப்பு நமக்கு ஆகுமா?" பேத்தி நம்மை நோக்கினாள். நாமும் அன்று விடை கூறவில்லை. அக்கேள்வி ஒரு குடும்பத்துக்கு மட்டும் உரியதன்று; ஆகவே இங்கு சிந்திக்கிறோம்.

யெர்சினியா இனத்தில் மாந்தருக்கு நோய் தருவன மூன்று. அவற்றுள் மிகக் கொடியது பிளேக் கிருமி. 1894ஆம் ஆண்டு ஹாங்காங்கில் அதனைக் கண்டறிந்தவர் அலெக்சாந்தர் யெர்சின் என்னும் மருத்துவர். பின்னாளில் அவர் பெயரே இனத்துக்கு வழங்கலாயிற்று. மற்ற இரண்டும் விலங்குகளின் குடலில் வாழ்ந்து, மாசுற்ற உணவு, நீர், காய்ச்சாத பால் வழியாக நம்மை வந்தடைவன; குளிர்பதனப் பெட்டியின் குளிரிலும் பெருகவல்லன.

1896இல் பம்பாயில் தோன்றிய பிளேக், அடுத்த கால் நூற்றாண்டுக்குள் நம் நாட்டில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைக் கொண்டு சென்றது. நோய் பரவும் வழி அறியப்படாத தொடக்க ஆண்டுகளில் அச்சமே ஆட்சி செய்தது. வீடுகளுள் புகுந்து சோதித்தனர், உடைமைகளை எரித்தனர். புனே நகரில் இக்கெடுபிடிகளால் மூண்ட சினம், 1897இல் ராண்ட் என்னும் அதிகாரியின் கொலையில் முடிந்தது. அறியாமை இம்சையை எவ்வளவு பெருக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

1898இல் கராச்சியில் பால் லூயி சிமோன் என்னும் மருத்துவர் ஒரு சோதனை செய்தார். நோயுற்ற எலியைத் தெள்ளுப்பூச்சிகளோடு கண்ணாடிச் சாடியில் இட்டார். நோயற்ற எலியொன்றைக் கம்பிவலைக்குள் வைத்து, இரண்டும் ஒன்றையொன்று தீண்டாவகையில் அதே சாடியில் இறக்கினார். சில நாட்களில் அதற்கும் நோய் கண்டது. நோயைச் சுமந்து சென்றது தெள்ளு என்பது இவ்வாறு வெளிப்பட்டது.

இதிலிருந்து ஒரு முக்கியமான விதி பிறந்தது. எலி இறந்து உடல் குளிர்ந்ததும் தெள்ளுகள் அதனை நீங்கி வேறு உயிரை நாடும்; மனிதரையும் கடிக்கும். ஆதலின் பிளேக் பரவும் இடத்தில் தெள்ளை அடக்குமுன் எலிகளைக் கொல்லலாகாது. கண்டபடி எலியடிப்பது நோயை நம் வீட்டுக்குள் அழைப்பதாகும். உப்பளத்து முதியவர் தேடிய இரண்டாவது வாய் இத்தகையதே.

1994இல் பீட் மாவட்டத்திலும், சூரத் நகரிலும் பிளேக் அச்சம் எழுந்தபோது, சூரத்தைவிட்டு லட்சக்கணக்கானோர் ஓடினர். அடுத்த ஆண்டு நகராட்சி ஆணையர் எஸ்.ஆர்.ராவ் பொறுப்பேற்றபின் குப்பை அகற்றலும் துப்புரவும் அந்நகரின் தோற்றத்தையே மாற்றின. குப்பையும் சிந்திய தானியமும் இல்லாத இடத்தில் எலி பெருகாது. பெருகாததைக் கொல்ல வேண்டிய தேவையும் எழாது. நம் இல்லங்களில் தானியத்தை மூடிவைப்பதும் இவ்வகையில் அஹிம்சையே.

ஆயினும் ஆயாவின் கேள்வி இத்துடன் தீரவில்லை. கராச்சியின் எலிகள் தாமாக விரும்பிச் சாடிக்குள் இறங்கவில்லை. ஹாஃப்கின் என்னும் அறிஞர் பிளேக் தடுப்பூசியை 1897 ஜனவரி 10ஆம் நாள் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். அதற்கு முன் முயல்களில் சோதித்திருந்தார். பாலையும் நீரையும் காய்ச்சுகையில் நுண்ணுயிர்கள் மடிவது இல்லறத்தார்க்குத் தவிர்க்கவியலாத ஆரம்ப இம்சை. ஐயறிவுடைய ஓர் உயிருக்கு அறிந்தே நோயைத் தருவதை அப்பெயரால் அழைக்க நமக்கு உரிமையில்லை. அது சங்கற்ப இம்சையை நெருங்கி நிற்கிறது. நோக்கம் உயர்ந்ததாயினும் செயலின் பெயர் மாறாது.

அப்படியாயின் அவள் அப்படிப்பை விட்டுவிட வேண்டுமா? வேண்டா என்பதே நம் கருத்து. மும்மணிகளுள் நல்லொழுக்கத்துக்கு முன் நன்ஞானம் வைக்கப்பட்டிருக்கிறது. அறிந்தவரே இம்சையைக் குறைக்க இயலும். இவ்வாய்வில் உயிரைக் கொல்லாத வழிகளும் இன்று பெருகியுள்ளன. ஐரோப்பாவில் பதினான்காம் நூற்றாண்டுப் பெருங்கொள்ளைநோயில் மாண்டோரின் பற்களிலிருந்தே அக்கிருமியின் மரபுக் குறிப்பை 2011இல் படித்தறிந்தனர். நம் நாட்டின் 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டமும், இயன்ற இடமெல்லாம் விலங்குச் சோதனையைத் தவிர்க்கக் கூறுகிறது. அச்சொல்லை ஆய்வுக்கூடத்தில் நினைவூட்ட ஒருவர் வேண்டும். உயிரின் வலியை உணர்ந்த குடும்பத்துப் பிள்ளைகள் அங்கிருந்து விலகிவிட்டால், "இத்தனை எலிகள் தேவைதானா? வேறு வழி இல்லையா?" என்று யார் கேட்பது?

இவற்றை அண்மையில் ஆயாவிடம் எடுத்துரைத்தோம். பொறுமையுடன் கேட்டவர், "அப்போ போவட்டும். ஆனா எத்தன உசுரு போச்சுன்னு கணக்கு மறக்கக்கூடாது. சாயந்திரம் பிரதிக்கிரமணத்துல அதையும் சொல்லணும்" என்றார்.

நாம் இத்தனை பக்கங்களில் தேடிய விடையை அவர் இரண்டு சொற்றொடர்களில் கூறிவிட்டார். பேத்தி தலையசைத்தாள்.