அயல்நாட்டு உணவும் அகத்தின் எல்லையும்

சௌசௌ என்னும் காயைத் தமிழர் 'பெங்களூர் கத்தரிக்காய்' என்பர். பெங்களூரில் வாழும் கன்னட மக்களோ அதைச் 'சீமெ பதனெகாயி', அதாவது சீமைக் கத்தரிக்காய் என்கின்றனர். நமக்கு அது பெங்களூருடையது. பெங்களூருக்கோ அது கடல் கடந்து வந்தது. உண்மையில் அதன் தாயகம் மெக்சிகோவை ஒட்டிய பகுதி. மிளகாயும் தக்காளியும் உருளைக்கிழங்கும் அவ்வாறே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவைதாம். சிராத்தச் சமையலில் மிளகாயை விலக்கி மிளகையே சேர்க்கும் குடும்பங்கள் இன்றும் உள்ளன. அந்தப் பழைய விருந்தாளியை நாம் முழுதும் மறந்துவிடவில்லை என்பதற்கு அது ஒரு சான்று.

ஆகவே, அறிமுகமற்றது என்ற ஒரே காரணத்தால் எந்த உணவும் தூய்மையற்றதாகிவிடாது. பழக்கமின்மை வேறு, தோஷம் வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிவதே விவேகம்.

பணியின் பொருட்டுப் பெங்களூரிலிருந்து டோக்கியோவுக்கும் ஃபிராங்க்பர்ட்டுக்கும் செல்லும் இளம் சாதகர்கள் ஒரு வினாவை எழுப்புகின்றனர்: "எல்லாவற்றையும் மறுத்தால் உடன் பணிபுரிவோர் மனம் புண்படுகிறது. எல்லாவற்றையும் ஏற்றால் நம் மனம் புண்படுகிறது. எல்லையை எங்கே வகுப்பது?"

இவ்வினாவுக்கு சாந்தோக்ய உபநிஷதம் ஒரு கதையால் விடை தருகிறது. குரு நாட்டில் விளைச்சல் அழிந்து பஞ்சம் வந்தது. உஷஸ்தி சாக்ராயணர் என்னும் வேத வித்தகர் மனைவியுடன் வறுமையில் அலைந்தார். யானைகளை உடைய ஒருவன் எளிய பயற்றை உண்டுகொண்டிருக்கக் கண்டு, அதில் சிறிது யாசித்தார். தான் உண்ணும் எச்சிலைத் தவிர வேறில்லை என்றான் அவன். அதையே பெற்று உண்டார். பின்னர் அவன் தான் பருகிய நீரையும் நீட்டினான். "அது எச்சில், வேண்டாம்" என்றார் முனிவர். "பயறும் எச்சில்தானே?" என்று அவன் வியந்தான். பயறு உண்ணாவிடில் தம் உயிர் தரித்திராது என்றும், நீரோ வேண்டிய இடத்தில் கிடைக்கும் என்றும் அவர் விளக்கினார்.

எத்தனை நுட்பமான எல்லை! ஒரே மனிதர், ஒரே நாழிகை, ஒரே தட்டு. ஒன்றை ஏற்றார், மற்றொன்றை மறுத்தார். உயிருக்கு ஆபத்து நேர்கையில் மட்டுமே எவ்வுணவும் அனுமதிக்கப்படும் என்று பிரம்ம சூத்திரம் முடிவு கூறுவதும் இக்கதையை ஆதாரமாகக் கொண்டே. ஆபத்தில் கிடைத்த சலுகையை வசதியான காலத்திலும் நீட்டித்துக்கொள்வது தர்மமாகாது. விமான நிலையத்தில் ரொட்டியும் பழமும் கிடைக்கும்போது, "வேறு வழியில்லை" என்று நாம் சொல்லிக்கொள்வது உஷஸ்தியின் வழியன்று.

நம் காலத்திற்கு அருகில் மற்றொரு சான்று உண்டு. 1888-இல் காந்தியடிகள் இங்கிலாந்து புறப்படுமுன், மது, மாது, மாமிசம் மூன்றையும் தீண்டுவதில்லை என்று தாயாருக்கு வாக்களித்தார். லண்டனில் அரைப்பட்டினி கிடந்தார். ஃபாரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவகத்தைக் கண்ட நாளில்தான் வயிறார உண்டார். முட்டை இறைச்சியாகுமா என்ற வாதம் பின்னர் எழுந்தது. அங்கிருந்தோர் இறைச்சிக்கு மூன்று வகையான பொருள் கூறினர். தமக்கு வசதியான பொருளை அவர் தேர்ந்திருக்கலாம். ஆனால் வாக்கைப் பெற்ற தாய் அதை எப்பொருளில் கொண்டாரோ அதுவே தம்மைக் கட்டுப்படுத்தும் என்று முடிவு செய்து, முட்டையை விட்டார். அதன் பின்னர் சைவ உணவகத்திலும் ஒவ்வொரு பண்டத்திலும் என்ன சேர்ந்துள்ளது என்று விசாரிக்க வேண்டியிருந்தது.

அவரே பிற்காலத்தில் நோயுற்றபோது, பால் அருந்துவதில்லை என்ற விரதத்தில் ஆட்டுப்பால் அடங்காது என்று கொண்டு அதை ஏற்றார். விரதத்தின் சொல் காக்கப்பட்டது, உயிர் காக்கப்படவில்லை என்ற வருத்தத்தை அவர் 'சத்திய சோதனை'யில் மறைக்கவில்லை. 1927-இல் உடல் தேறுவதற்காகப் பெங்களூரில் தங்கி, அங்குள்ள அரசுப் பால்பண்ணை நிலையத்தில் பசுப் பராமரிப்பை ஆர்வத்தோடு கற்றவரும் அவரே. மகான்களுக்கும் எல்லை எளிதாக இருக்கவில்லை. ஆயினும் அவர்கள் தம்மை ஏமாற்றிக்கொள்ளவில்லை.

இவற்றிலிருந்து பயணிக்கு மூன்று செய்திகள் கிடைக்கின்றன. முதலாவது, புறப்படுமுன்பே எல்லையை வகுத்துக்கொள்ளுங்கள். பசியும் கூட்டமும் சூழ்ந்த மேசையில் எடுக்கும் முடிவு பெரும்பாலும் நாவின் முடிவே.

இரண்டாவது, கேட்கத் தயங்காதீர்கள். நம் நாட்டுப் பொட்டலங்களில் உள்ள பச்சைப் புள்ளி அங்கு இராது. ஜப்பானியக் குழம்பில் காய்கறி மட்டுமே தெரியலாம். அதன் சாறு மீனிலிருந்து எடுத்ததாக இருக்கலாம். தாய்லாந்துக் காய்கறி வதக்கலில் மீன் சாறு சேர்வதுண்டு. சில ஐரோப்பியப் பாலாடைக்கட்டிகள் கன்றின் இரைப்பைச் சத்தால் உறைய வைக்கப்படுபவை. பணிவோடு கேட்பவரை எந்நாட்டவரும் இகழ்வதில்லை. கேட்டும் அறியாமல் உண்டுவிட்டால் அதை எண்ணி நொந்துகொண்டிராமல், அடுத்த வேளையில் கவனமாயிருந்தால் போதும்.

மூன்றாவது, பண்டத்தை மறுக்கலாம். படைத்தவரை மறுக்கக் கூடாது. எதிரே அமர்ந்து வேறு உணவு உண்பவரைக் கண்டு முகம் சுளிப்பவன், தன் தட்டைத் தூய்மையாக வைத்துக்கொண்டு உள்ளத்தை அழுக்காக்குகிறான்.

எல்லைக்குட்பட்ட உணவு புதியதாயின், தயங்காமல் சுவையுங்கள். பெயர் தெரியாத பழமும் பழகாத தானியமும் அதே இறைவன் படைத்தவையே. எதை ஏற்றாலும் எதை மறுத்தாலும், கையில் எடுக்குமுன் ஒரு கணம் உள்நோக்கிக் கேளுங்கள்: 'இதை வேண்டுவது உயிரா, நாவா, அல்லது பிறர் நகைப்பாரோ என்னும் நாணமா?' அவ்விடை நேர்மையானதாக இருந்தால், எத்தேசத்தில் உண்டாலும் அவ்வுணவு பிரசாதமே ஆகும்.