ஒரு குடைக்கீழ்

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் இன்றும் கூறப்படும் கட்டியத்தில் புவனேகவாகு என்ற பெயர் புகழப்படுகிறது. அப்பெயரோடு வரும் 'சிறீ சங்கபோதி' என்பது சிங்கள அரசர்கள் சூடிய விருதுப்பெயர். ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலை, கோயிலைக் கட்டிய புவனேகவாகுவைத் தமிழரசன் ஒருவனின் மந்திரி என்கிறது. வரலாற்றாசிரியர் சிலரோ, யாழ்ப்பாணத்தை வென்று ஆண்ட சப்புமல் குமாரயாவே அவன் என்கிறார்கள். எங்கள் வாயில் அவன் செண்பகப் பெருமாள். அது உண்மையானால், எங்களை வென்றவனையே நாங்கள் முருகன் சந்நிதியில் வாழ்த்தி வருகிறோம். இது வெட்கமா பெருமையா என்பதை விட்டுவிடுவோம். பிரிந்து கிடக்கும் அரசுகளை வாளால் ஒன்றாக்குவது நியாயமாகுமா?

கோட்டை அரசன் ஆறாம் பராக்கிரமபாகு 1450 அளவில் தன் வளர்ப்பு மகனான சப்புமலை வடக்கே அனுப்பினான். கனகசூரிய சிங்கையாரியன் இந்தியாவுக்குத் தப்பியோடினான். இலங்கை ஒரு குடைக்கீழ் வந்தது. தென்முனையிலுள்ள தெவிநுவரவிலிருந்து யாழ்ப்பாணத்துச் சப்புமலுக்குக் குயிலைத் தூதுவிடும் 'கோகில சந்தேசய' என்ற சிங்களக் காவியமும் பிறந்தது. தூதுபோகும் குயிலுக்குக் கீழே கிடப்பதெல்லாம் ஒரே அரசனின் நிலம். வென்றவர்கள் ஒற்றுமையை எப்போதும் இப்படி உயரத்திலிருந்தே பார்க்கிறார்கள். கீழே நின்ற குடியானவனின் பார்வை எந்தக் காவியத்திலும் இல்லை.

வென்றவனுக்காகச் சொல்லப்படும் நியாயம் இலேசானதல்ல. சிற்றரசுகள் ஓயாமல் அடிபட்டால் சாவது குடிமக்கள். ஒரு பெரும்போர் பல சிறுபோர்களை முடித்துவைக்கலாம். 1505 இல் போர்த்துக்கேயர் வந்திறங்கியபோது தீவு ஒன்றாயிருந்திருந்தால் என்று ஏங்குபவர்கள் இன்றும் உண்டு.

ஆனால் நடந்ததென்ன? 1467 இல் பராக்கிரமபாகு இறந்தான். அவனுடைய பேரன் அரியணை ஏறினான். சப்புமல் யாழ்ப்பாணத்தை விட்டுத் தெற்கே போய், அந்தப் பேரனைக் கொன்று, ஆறாம் புவனேகபாகுவாக முடிசூடினான். கனகசூரியன் படையோடு திரும்பி யாழ்ப்பாணத்தை மீட்டான். குடை விரிந்திருந்தது பதினேழு ஆண்டுகள்தான். 1521 இல் கோட்டையே மூன்று துண்டானது. அதைத் துண்டாடியவர்கள் தமிழரல்லர். தந்தையைக் கொன்ற மூன்று சகோதரர்கள். வாளால் எல்லை அழியும், அவநம்பிக்கை அழியாது. அது அரண்மனைக்குள்ளேயே குடியிருந்தது.

இந்த அளவுகோலை எங்கள் பக்கமும் திருப்பவேண்டும். சோழர் இலங்கையை வென்றதைப் பெருமையோடு படித்தவர்கள் நாங்கள். 1017 அளவில் இராசேந்திரனின் படை ஐந்தாம் மகிந்தனைச் சிறைபிடித்துச் சோழநாட்டுக்குக் கொண்டுபோனது. அவன் அங்கேயே இறந்தான். 1070 அளவில் முதலாம் விசயபாகு சோழரைத் துரத்தினான். சப்புமலின் வெற்றி ஆக்கிரமிப்பு, இராசேந்திரனின் வெற்றி புகழ் என்று கொண்டால், நாங்கள் பேசுவது நியாயமல்ல, உறவுமுறை.

இவ்வளவு பழங்கதை தேவையில்லை என்பவர்களுக்கு அண்மைக்கதை ஒன்றும் இருக்கிறது. 1985 ஏப்ரலில் நான்கு இயக்கங்கள் ஈழ தேசிய விடுதலை முன்னணியாக ஒன்றுசேர்ந்தன. ஓராண்டு கழிந்து, 1986 ஏப்ரல் இறுதியில், அவற்றிலொன்றான விடுதலைப் புலிகள் இன்னொன்றான டெலோவை அழிக்கத் தொடங்கினர். ஒரே தலைமை இருந்தால்தான் வெல்லலாம் என்ற குரல் அப்போதும் கேட்டது. இறந்த இளைஞர்களின் தாய்மாரிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. கேட்கப்படாதவர்களின் மௌனத்தைச் சம்மதமாக எண்ணிக்கொள்வதுதான் எல்லா வெற்றியாளர்களின் முதற் பிழை.

நாங்கள் வந்து சேர்ந்திருக்கும் மொன்றியலும் வெல்லப்பட்ட நகரந்தான். 1760 செப்ரெம்பரில் பிரெஞ்சுக்காரர் இதை ஆங்கிலத் தளபதி அம்கேர்ஸ்ற்றிடம் ஒப்படைத்தார்கள். 1774 இல் இலண்டன் பாராளுமன்றம் தோற்றவர்களின் மதத்தையும் சிவில் சட்டத்தையும் அவர்களிடமே விட்டது. ஆனால் 1837, 1838 கிளர்ச்சிகளின் பின், பிரெஞ்சுக்காரரை ஆங்கிலேயரோடு கரைத்துவிடும் நோக்கத்தோடு 1840 இல் இரு கனடாக்களையும் ஒன்றாக்கும் சட்டம் இயற்றப்பட்டது. அந்த ஒற்றுமை 1867 வரையுந்தான் நின்றது. பிறகு கியூபெக் தனி மாகாணமாகக் கூட்டாட்சிக்குள் வந்தது. விட்டுக்கொடுத்தது வேர்விட்டது, கரைக்கப் பார்த்தது கரைந்தது.

கியூபெக் மக்களிடம் 1980 இலும் 1995 இலும் நேரடியாகவே கேட்டார்கள். இரண்டாம் முறை பிரிவினை வேண்டாமென்றவர்கள் 50.58 வீதம். மயிரிழையில் தப்பிய ஒற்றுமை என்று அதைச் சிலர் கேலிசெய்வார்கள். 'இல்லை' என்று சொல்ல இடமிருந்தும் அது நின்றது. பதினேழாண்டுக் குடைக்கு அந்தப் பெருமை இல்லை.

இங்கேயும் ஒரு கணக்கு முடியவில்லை. பூர்வகுடியினரிடையே பெரியம்மையைப் பரப்ப வழியுண்டா என்று 1763 இல் கடிதத்தில் கேட்டவன் அம்கேர்ஸ்ற். அவன் பெயரிலிருந்த மொன்றியல் வீதிக்கு 2019 இல் அற்றாதெகென் என்று பெயர் மாற்றினார்கள். மொகாக் மொழியில் அது சகோதர சகோதரிகளைக் குறிக்கும் சொல். பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் இந்நிலத்தைப் பங்கிட்டபோது அம்மொழி பேசியவர்களை யாரும் கேட்கவில்லை. அந்த நிலத்தில்தான் நாங்களும் வாடகைக்குக் குடியிருக்கிறோம். ஊரில் எங்களைக் கேட்காமற் போட்ட கோடுகளைப் பற்றிப் பேசும் உரிமை எங்களுக்கு உண்டு. இங்கே கேட்கப்படாமற் போனவர்களைப் பற்றிப் பேசும் கடமையும் அதே உரிமையிலிருந்துதான் பிறக்கிறது.