கூத்தப்பெருமான் வீசிய திருக்கரம்

சைவாசிரியர்காள்!

நடராசப்பெருமான் திருவுருவப் படத்தைக் காட்டி, “இத்திருக்கரங்கள் உணர்த்துவன யாவை?” என்று மாணாக்கரை வினாவுங்கள். படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்று ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள். கரமோ நான்கு, தொழிலோ ஐந்து. இக்கணக்கு எங்ஙனம் பொருந்துமென்று மறித்துக் கேட்பின் விழிப்பார்கள். கற்பிப்போருள்ளும் விழிப்பவர் உளர்.

மனவாசகங்கடந்தார் உண்மை விளக்கத்திலே இதனை ஐயமற வகுத்தருளினார். துடியேந்திய கரத்திலே படைத்தல். அமைத்த கரத்திலே காத்தல். அனலேந்திய கரத்திலே அழித்தல். ஊன்றிய திருவடியிலே மறைத்தல். எடுத்த திருவடியிலே அருளல். ஆகவே ஐந்தொழிற்கு உரியன கரம் மூன்றும் திருவடி இரண்டுமாம். இடப்புறத்து முன்கரம் ஒன்று எஞ்சி நிற்கின்றது. திருமேனியின் குறுக்கே யானையின் துதிக்கைபோல வீசப்பட்டிருத்தலின், வடநூல் வழக்கில் இது கஜஹஸ்தம் எனப்படும்.

இக்கரத்திற்குப் பொருள் யாது? சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை எழிற்கை, தொழிற்கை என இருவகைக் கைகளைக் கூறும். அழகு தோன்றக் காட்டுவது முன்னையது. தொழில் தோன்றக் காட்டுவது பின்னையது. அக்காதைக்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார் ஒற்றைக்கை 33, இரட்டைக்கை 15 என விரித்துரைத்தார். ஐந்தொழிலுள் ஒன்றும் பெறாத இதனை வெறும் எழிற்கையென்று ஒதுக்கலாமோ எனின், ஒதுக்கலாகாது. அதன் விரல்கள் தாழ்ந்து எதனைக் குறிக்கின்றன என்று நோக்குங்கள். எடுத்த திருவடியையன்றோ! உயிர்களுக்கு உடம்பைக் கொடுத்தலும், நிறுத்தலும், ஒடுக்கி இளைப்பாற்றலும், வினைப்பயனை நுகருமளவும் மறைத்தலும் எல்லாம் அவ்வடியிலே சேர்த்தற் பொருட்டேயாம். அமைத்த கரம் “அஞ்சாதே” என்கின்றது. அச்சந் தீர்ந்த உயிர் பின்னர்ப் புகுமிடம் அறிய வேண்டாமோ? அபயந் தந்த பெருமான் புகலிடத்தைக் காட்டாது விடுவானோ? தான் ஒரு தொழிலும் மேற்கொள்ளாது, அருள் இருக்குமிடத்தைச் சுட்டி நிற்றலே இக்கரத்தின் பெருமை.

பொலனறுவையிலே 1908-ஆம் ஆண்டளவில் அகழ்ந்தெடுக்கப்பட்ட நடராசத் திருவுருவம் கொழும்பு நூதனசாலையில் உள்ளது. மாணாக்கரை அங்கே அழைத்துச் செல்வோர், வெண்கலத்தின் பழமையை மாத்திரம் பேசித் திரும்பற்க. இக்கரத்தின் முன் சிறிது நிறுத்துக.

வகுப்பிலே படத்தைக் காட்டும்பொழுதும், சுட்டுகோலை முதலிலே துடியின்மேல் வையாது, வீசிய கரத்தின்மேல் வையுங்கள். கோல் தானே கீழிறங்கித் திருவடியைச் சேரும்.